கண்டிஷனிங் டவர் நாசில்: துளியின் அளவைக் கணக்கிட்டே சொல்லிவிட முடியுமா?

சூளைப்பக்கம்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு சிமென்ட் ஆலையின் செயல்முறைப் பிரிவில் பணியாற்றுகிறேன். சூளைக்குப் போகும் மூலப்பொருளை முன்கூட்டியே சூடாக்கும் ப்ரீஹீட்டரிலிருந்து ஏறத்தாழ 330 டிகிரி செல்சியஸில் வெளிவரும் வாயுவைக் கண்டிஷனிங் டவருக்குள் தண்ணீர் தெளித்து 150 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே இஎஸ்பிக்கு (மின்புலத்தால் தூசியைப் பிடிக்கும் கருவிக்கு) அனுப்புகிறோம். டவரின் அடியில் உலர்ந்த தூசியாக விழ வேண்டியது, சில ஷிப்டுகளில் சேறாக விழுந்து ஸ்க்ரூ கன்வேயரை அடைத்துவிடுகிறது. அடைப்பை எடுக்க ஆட்கள் சூடான தூசிக்கு அருகில் நிற்க வேண்டியிருப்பதால், இதை வெறும் பராமரிப்புத் தொல்லையாக என்னால் பார்க்க முடியவில்லை.

தண்ணீரைத் தெளிக்கும் நாசில்கள் ஸ்பில்பேக் வகையைச் சேர்ந்தவை, அதாவது உள்ளே வரும் தண்ணீரில் ஒரு பகுதியைத் திரும்பு வால்வு வழியாகத் திருப்பி அனுப்பி, தெளிக்கும் அளவைக் குறைக்கக்கூடியவை. பம்ப் அழுத்தம் 35 பார். திரும்பு வால்வு மூடியிருக்கும்போது ஒரு நாசில் நிமிடத்துக்கு 30 லிட்டர் தெளிக்கிறது. வாயு டவருக்குள் இருக்கும் நேரம் முழுச் சுமையில் ஏறத்தாழ 8 வினாடி. நாசிலை வெளியே அனுப்பிச் சோதிப்பதற்கு முன், துளியின் அளவைக் காகிதத்திலேயே கணக்கிட விரும்புகிறேன். நூல்களில் கிடைக்கும் சமன்பாடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடையைத் தருகின்றன. எதை எந்த அளவுக்கு நம்பலாம்?

தெளிப்புச்சோதனை:

வணக்கம் நண்பரே. தெளிப்பு நாசில்களைச் சோதிப்பதே என் தொழில் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஸ்பில்பேக் நாசில் அடிப்படையில் ஓர் அழுத்தச் சுழல் நாசில்தான். தண்ணீர் தொடுகோட்டுத் துளைகள் வழியாகச் சுழல் அறைக்குள் நுழைந்து வேகமாகச் சுழல்வதால் நடுவில் காற்றுத் தண்டு உருவாகிறது. வெளித்துளையைத் தாண்டியதும் தண்ணீர் கூம்பு வடிவப் படலமாக விரிகிறது. விரிய விரியப் படலம் மெலிந்து, அதில் அலைகள் எழுந்து, வளையங்களாகவும் நூல்களாகவும் கிழிந்து, அந்த நூல்கள் துளிகளாக அறுகின்றன. இந்த வகை நாசிலுக்கு அதிகம் பயன்படுத்தப்படுவது லெஃபீவர் தந்த சமன்பாடு. பரப்பு இழுவிசை, பாகுநிலை, ஒரு வினாடிக்கு வெளியேறும் திரவ நிறை ஆகிய மூன்றையும் பெருக்கி, அதன் நான்காம் மூலத்தை 2.25 ஆல் பெருக்குங்கள். அதை அழுத்த வேறுபாட்டின் வர்க்க மூலத்தாலும், சுற்றியுள்ள வாயு அடர்த்தியின் நான்காம் மூலத்தாலும் வகுத்தால் சாட்டர் சராசரி விட்டம் (தெளிப்பில் உள்ள துளிகளின் ஒருவகைச் சராசரி அளவு) கிடைக்கும். எல்லாம் எஸ்ஐ அலகுகளில் இருக்க வேண்டும். விடை மீட்டரில் வரும்.

உங்கள் எண்களை இட்டுப் பார்ப்போம். 30 டிகிரித் தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை 0.071 நியூட்டன்/மீட்டர், பாகுநிலை 0.0008 பாஸ்கல் வினாடி, ஓட்டம் வினாடிக்கு 0.5 கிலோ, அழுத்தம் 35 லட்சம் பாஸ்கல். சாதாரணக் காற்றின் அடர்த்தியை 1.15 என்று கொண்டால் 85 மைக்ரான் வருகிறது. உங்கள் டவரின் மேற்பகுதியிலோ வாயு 330 டிகிரியில் இருப்பதால் அடர்த்தி 0.6 அளவுக்குத்தான் இருக்கும். அதை இட்டால் 100 மைக்ரான். நாசில் விற்பவர்களின் அட்டவணைகள் அறை வெப்பநிலையில் அளந்தவை என்பதால், அட்டவணையில் 85 என்று படித்துவிட்டு டவருக்குள்ளும் 85 கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. துளி ஆவியாகும் நேரம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 85-க்கும் 100-க்கும் உள்ள வேறுபாடு நேரக் கணக்கில் 38 சதவீதமாகிவிடுகிறது.

அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். சமன்பாட்டில் அழுத்தத்தின் வர்க்க மூலம் இருப்பதால், அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் துளி பாதியாகும் என்று தோன்றும். ஆனால் அதே நாசிலில் அழுத்தம் கூடினால் ஓட்டமும் வர்க்க மூல விகிதத்தில் கூடுகிறது. அந்த ஓட்டமும் சமன்பாட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் துளி விட்டம் அழுத்தத்தின் −0.375 அடுக்கின்படியே குறைகிறது. துளியைப் பாதியாக்க அழுத்தம் 6.3 மடங்கு வேண்டும். தொழிலில் வழக்கமாகக் கையாளும் −0.3 அடுக்கை எடுத்தால் 10 மடங்கு. 35 பாரிலிருந்து 350 பாருக்குப் போவது உங்கள் ஆலையில் நடக்கக்கூடியது அன்று.

சூளைப்பக்கம்:

மிக்க நன்றி ஐயா. வாயு அடர்த்தியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆனால் 100 மைக்ரான் துளி என்றால், 8 வினாடி அதற்குத் தாராளமாகப் போதும் என்றே என் கணக்கு காட்டுகிறது. பிறகு சேறு எங்கிருந்து வருகிறது?

தெளிப்புச்சோதனை:

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 100 மைக்ரான் என்பது சராசரி. டவரின் அடியை நனைப்பது அந்தச் சராசரித் துளி அன்று, தெளிப்பிலேயே மிகப் பெரிய துளிகள். சமன்பாடு அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

சாட்டர் சராசரி என்பது, மொத்தத் தெளிப்பின் கன அளவுக்கும் பரப்பளவுக்கும் உள்ள விகிதத்தையே தானும் கொண்ட ஒரு துளியின் விட்டம். ஆவியாதலும் எரிதலும் பரப்பில் நடப்பதால் அது பயனுள்ள சராசரி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே சாட்டர் சராசரியோடு, துளிகள் நெருக்கமான அளவுகளில் இருக்கும் தெளிப்பும் உண்டு, மிகச் சிறியவையும் மிகப் பெரியவையும் கலந்த தெளிப்பும் உண்டு. இந்தப் பரவலைக் குறிக்க நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது, நிலக்கரித் தூளுக்காக 1933-இல் ரோசினும் ராம்லரும் தந்த வாய்பாடு. அதில் உள்ள பரவல் அடுக்கு பெரிதாக இருந்தால் துளிகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றன என்று பொருள். பெரும்பாலான நாசில்களுக்கு அது 1.5-க்கும் 4-க்கும் இடையில் வரும்.

சாட்டர் சராசரியை 100 மைக்ரான் என்றே வைத்துக்கொண்டு, தண்ணீரின் 99 சதவீதம் எந்த விட்டத்துக்கு உட்பட்ட துளிகளில் அடங்குகிறது என்று பாருங்கள். பரவல் அடுக்கு 3 என்றால் 225 மைக்ரான். 2.5 என்றால் 274. 2 என்றால் 380. சராசரி மாறவே இல்லை. எஞ்சிய ஒரு சதவீதத் தண்ணீரைச் சுமக்கும் துளிகள் மட்டும் 225-இலிருந்து 380-க்குப் பெருத்துவிட்டன. விட்டத்தின் வர்க்கப்படி, அவை காய்வதற்கான நேரம் 2.85 மடங்கு.

அந்த நேரத்தையும் தோராயமாகப் பார்த்துவிடலாம். துளிக்கும் வாயுவுக்கும் இடையே உள்ள வேக வேறுபாட்டை விட்டுவிட்டால், 330 டிகிரி வாயுவில் தண்ணீர்த் துளியின் விட்ட வர்க்கம் வினாடிக்கு ஏறத்தாழ 0.03 சதுர மில்லிமீட்டர் குறைகிறது. 150 டிகிரியில் 0.01 மட்டுமே. டவரின் மேற்பகுதியில் முதல் வேகமும், கீழ்ப்பகுதியில் இரண்டாம் வேகமும் பொருந்தும். 225 மைக்ரான் துளி முழு நேரமும் 150 டிகிரியிலேயே இருந்தாலும் 5 வினாடியில் காய்ந்துவிடும். 380 மைக்ரான் துளிக்கு மேற்பகுதி வேகத்தில் 5 வினாடியும், கீழ்ப்பகுதி வேகத்தில் 14 வினாடியும் ஆகும். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். உங்கள் 8 வினாடியும் சரியாக அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. அதோடு பெரிய துளி வாயுவைவிட வேகமாகக் கீழே விழுவதால், அதற்குக் கிடைப்பது முழு 8 வினாடிகூட இல்லை.

அதனால் நாசில் விற்பவரிடம் சராசரி விட்டத்தைக் கேட்டு நிறுத்திவிடாமல், 90 சதவீத விட்டத்தையும் 99 சதவீத விட்டத்தையும் எழுத்தில் கேளுங்கள். அவற்றைத் தர மறுப்பவரின் சராசரியை வைத்துக்கொண்டு டவர் வடிவமைப்பது ஆபத்தானது என்றே நான் கருதுகிறேன்.

கணிப்பாய்வு:

வாயு, திரவ ஓட்டங்களைக் கணினியில் கணக்கிடும் கணிப்பாய்வு மென்பொருளில் தெளிப்பு மாதிரிகளைக் கையாள்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, அடிப்படைக் கோட்பாட்டிலிருந்தே துளியின் அளவைப் பெற முடியுமா என்பது. மெல்லிய, மெதுவான நீர்த்தாரைக்கு அது முடிந்த காரியம். 1878-இல் ராலே காட்டியபடி, மிக வேகமாக வளரும் அலையின் நீளம் தாரை விட்டத்தின் 4.5 மடங்கு, அந்த நீளத்தில் அடங்கும் தண்ணீர் ஒரே துளியானால் அதன் விட்டம் தாரையின் 1.89 மடங்கு. பாகுநிலையின் பங்கை 1931-இல் வெபர் சேர்த்தார். சுழல் நாசிலின் படலத்துக்கு இதே சிந்தனையை டாம்ப்ரவ்ஸ்கியும் ஜான்ஸும் 1963-இல் விரித்தார்கள்: படலத்தில் எந்த அலை முந்துகிறது, அது எவ்வளவு தடிமனில் கிழிகிறது, கிழிந்த நூலின் விட்டம் என்ன, அந்த நூல் ராலே சொன்னபடி அறுந்தால் துளி என்ன என்று படிப்படியாகப் போகும் வழி அது. இன்றைய மென்பொருள்களில் உள்ள படல உடைவு மாதிரிகள் இந்த வழியைச் சார்ந்தவையே. ஆனால் படலத்தின் தொடக்கத் தடிமனையும், அலையின் தொடக்க வீச்சையும் யாராவது தர வேண்டும். அந்த வீச்சு நாசிலின் உட்புறச் சொரசொரப்பு, ஓட்டக் கலக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது என்பதால், நடைமுறையில் அதை அளவீட்டோடு பொருந்தும் வரை மாற்றிப் பார்த்தே நிர்ணயிக்கிறோம். அளவீடு இல்லாமல் மென்பொருள் தரும் வண்ணப்படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, நண்பர் சொன்ன பெரிய துளிகளைப் பற்றியது. நாசிலிலிருந்து புறப்பட்ட துளியை வாயுவின் எதிர்ப்பு மேலும் உடைக்கலாம். வாயு அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், விட்டம் ஆகியவற்றின் பெருக்கலைப் பரப்பு இழுவிசையால் வகுத்தால் கிடைக்கும் வெபர் எண், தண்ணீர் போன்ற பாகுநிலை குறைந்த திரவத்துக்கு ஏறத்தாழ 12-ஐத் தாண்டினால் துளி உடைகிறது. துளி வினாடிக்கு 65 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொள்வோம். அறைக் காற்றில் இந்த வரம்பு 175 மைக்ரான் அளவில் நிற்கிறது. உங்கள் சூடான வாயுவில் 340 மைக்ரானுக்கு உயர்ந்துவிடுகிறது. அறைச் சோதனையில் உடைந்துபோகும் துளிகள் டவருக்குள் உடையாமல் பிழைத்துக்கொள்ளும். அடர்த்தி சராசரியை 18 சதவீதம்தான் மாற்றுகிறது, ஆனால் உடைவு வரம்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். துளி உடைவதற்குள் வேகம் இழந்துவிட்டால் இந்த வரம்பைவிடப் பெரிய துளிகளும் தப்பும்.

ஆலைவடிவமைப்பு:

ஸ்பில்பேக்கை விட்டுவிட்டு, அழுத்தக் காற்றால் தெளிக்கும் இரட்டைப் பாய்ம நாசிலுக்கு மாறினால் என்ன? அதற்கு நுகியாமா–தனசாவா சமன்பாட்டைப் பயன்படுத்தலாமா?

தெளிப்புச்சோதனை:

மாறலாம். காற்றின் அளவைக் கொண்டே துளியை நுண்மையாக்க முடியும் என்பதும், தண்ணீர் அழுத்தம் குறைவாக இருந்தாலே போதும் என்பதும் அதன் நன்மைகள். ஆனால் கம்ப்ரசரின் மின்செலவு ஆண்டு முழுவதும் தொடரும். அதை முன்கூட்டியே கணக்கிட்டுவிட்டுத்தான் நிர்வாகத்திடம் போக வேண்டும்.

சமன்பாட்டைப் பொறுத்தவரை எச்சரிக்கையாக இருங்கள். 1930-களின் இறுதியில் ஜப்பானில் அவ்விருவரும் செய்த சோதனைகள் இத்துறைக்கு முன்னோடி. அவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்தச் சமன்பாட்டில் வரும் 585, 597 என்ற எண்கள் குறிப்பிட்ட அலகுகளில் மட்டுமே செல்லும்: பரப்பு இழுவிசை டைன்/செ.மீ., பாகுநிலை பாய்ஸ், அடர்த்தி கிராம்/க.செ.மீ., வேகம் மீட்டர்/வினாடி, விடை மைக்ரான். எஸ்ஐ அலகுகளை அப்படியே இட்டுவிட்டு, விடை பொருந்தவில்லை என்று குழம்புபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அதைவிட முக்கியமானது, அதில் வாயு அடர்த்தியும் இல்லை, நாசிலின் எந்த அளவும் இல்லை. சிறிய நாசில்களில், சாதாரணக் காற்றில் செய்த சோதனைகளிலிருந்து வந்த சமன்பாடு அது. உங்கள் டவருக்கு அதை நீட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

வேளாண்பொறி:

நான் பயிர் மருந்துத் தெளிப்பு நாசில்களில் பணியாற்றுகிறேன். எங்கள் சிக்கல் உங்களுடையதற்கு நேர்எதிர். எங்களுக்குச் சிறிய துளிகளே பகை. 100 மைக்ரான் துளி அசையாத காற்றில் வினாடிக்குக் கால் மீட்டர் வேகத்தில்தான் இறங்கும் என்பதால், இலேசான காற்றிலும் பக்கத்து வயலுக்குப் போய்விடும். அதனால் நாங்கள் வெகுகாலமாகவே ஒரு சராசரியோடு நிற்பதில்லை. 10, 50, 90 சதவீத விட்டங்களைக் குறிப்பு நாசில்களோடு ஒப்பிட்டு, மிக நுண்ணியது முதல் மிகப் பருமனானது வரை வகைப்படுத்தும் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கத் தரம் பரவலாகப் பயன்படுகிறது. ஒரே நாசிலை இரண்டு ஆய்வகங்களில் அளந்தால் மைக்ரான் எண் வேறுபடும். குறிப்பு நாசிலையும் அதே கருவியில் அளந்து ஒப்பிட்டால் வகை பெரும்பாலும் ஒத்துப்போகும்.

அந்த வேறுபாட்டின் ஒரு காரணம் உங்களுக்கும் பொருந்தும். லேசர் விளிம்பு விலகல் கருவி, ஒரு கணத்தில் ஒளிக்கற்றைக்குள் இருக்கும் துளிகள் அனைத்தையும் சேர்த்து அளக்கிறது. பேஸ் டாப்ளர் கருவி, ஒரு புள்ளியைக் கடந்து செல்லும் துளிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. சிறிய துளிகள் விரைவில் வேகம் இழந்து கற்றைக்குள் அதிக நேரம் தங்குவதால், முதல் கருவி அவற்றை மிகையாகக் கணக்கிட்டு, சராசரியைக் குறைத்துக் காட்டும். எனவே 99 சதவீத விட்டத்தைக் கேட்கும்போது, எந்தக் கருவியில், நாசிலிலிருந்து எவ்வளவு தொலைவில் அளந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சூளைப்பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஷிப்டுப் பதிவேட்டைச் சேறு விழுந்த நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இதுவரை நடந்த கணக்கின்படி, முழுச் சுமையில்தான் சேறு அதிகம் இருக்க வேண்டும், ஏனெனில் அப்போதுதான் தண்ணீரும் அதிகம், வாயு தங்கும் நேரமும் குறைவு. பதிவேடு வேறு விதமாகச் சொல்கிறது. சூளைக்குத் தீனி குறைக்கப்பட்டு, திரும்பு வால்வு பாதிக்கு மேல் திறந்திருக்கும் நேரங்களில்தான் அடைப்பு ஏற்பட்டிருக்கிறது. அப்போது பம்ப் அழுத்தம் 35 பாரில்தான் இருக்கிறது.

தெளிப்புச்சோதனை:

இந்தத் தகவல் விவாதத்தின் திசையையே மாற்றுகிறது.

ஸ்பில்பேக் நாசிலில் திரும்பு வால்வைத் திறந்தால், சுழல் அறைக்குள் நுழையும் தண்ணீர் குறைவதில்லை. வெளியேறும் பங்குதான் குறைகிறது. சுழற்சி வலுவாகவே இருப்பதால் குறைந்த ஓட்டத்திலும் துளிகள் நுண்மையாக இருக்கும். இந்த வகையை டவர்களில் விரும்புவதற்குக் காரணமே அதுதான். லெஃபீவர் சமன்பாடு திரும்பு ஓட்டம் இல்லாத நாசில்களுக்கு உரியது. இங்கே அதை இட்டுப் பார்க்காதீர்கள். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வெளியேறும் தண்ணீரின் முன்னோக்கிய வேகம் குறைந்து, சுழல் வேகம் அப்படியே இருப்பதால், தெளிப்புக் கூம்பு அகலமாக விரிகிறது. வால்வு நன்கு திறந்த நிலையில் இந்த விரிவு பத்துப் பத்து டிகிரிகளாகக் கூடும். விளிம்புத் துளிகள் டவர் சுவரைத் தொட்டுவிட்டால், அவற்றின் விட்டம் 80 மைக்ரானா 300 மைக்ரானா என்பதற்குப் பொருளே இல்லை. சுவரில் ஈரப் படலமாகி, தூசியோடு சேர்ந்து அடையாகி, பிறகு துண்டாகப் பெயர்ந்து கீழே விழும். பக்கத்துப் பக்கத்து நாசில்களின் கூம்புகள் ஒன்றோடொன்று வெட்டிக்கொண்டால், துளிகள் மோதிப் பெரிதாவதும் நடக்கும்.

சேறு குழம்பாக வருகிறதா, அடுக்கடுக்கான கட்டிகளாக வருகிறதா என்று பாருங்கள். கட்டிகளின் ஒரு பக்கம் சுவரின் வளைவோடு வழவழப்பாக இருந்தால் காரணம் சுவர்தான். முழுச் சுமையில் சேறு இல்லை என்பதே உங்கள் துளிப் பரவல் போதுமானதாக இருக்கிறது என்பதற்கு வலுவான சான்று.

ஆய்வுக் கதவைத் திறக்க முடிகிற நிறுத்தத்தில், ஒவ்வொரு நாசிலின் வெளித்துளையையும் பெருக்காடி கொண்டு பார்த்துவிடுங்கள். கடின நீரின் உப்பு ஒரு பக்கமாகப் படிந்தாலோ, துளையின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தாலோ, கூம்பில் தடித்த கோடு ஒன்று உருவாகும். எந்தச் சமன்பாடும் கணிக்காத பெரிய துளிகள் அந்தக் கோட்டிலிருந்துதான் வரும்.

கணிப்பாய்வு:

நண்பர் சொல்வதை நானும் ஏற்கிறேன். மென்பொருளில் செய்வதானால் இங்கே பயன் உண்டு: துளி அளவைக் கணிக்க வேண்டாம், அளந்த பரவலை உள்ளீடாகத் தந்து, வெவ்வேறு கூம்புக் கோணங்களில் துளிகள் சுவரை எங்கே தொடுகின்றன என்று மட்டும் பாருங்கள். வாயு டவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் அதுவும் அதில் தெரிந்துவிடும்.

சூளைப்பக்கம்:

கட்டிகளாகத்தான் வருகிறது. கன்வேயரில் எடுத்து வைத்த துண்டுகளில் ஒரு பக்கம் வழவழப்பாகவும், உட்பக்கம் படிப்படியாக அடுக்குகளாகவும் இருக்கிறது.

சுமை குறையும்போது எல்லா நாசில்களிலும் வால்வைத் திறப்பதற்குப் பதிலாக, சில லான்சுகளை (நாசிலைத் தாங்கி டவருக்குள் நீளும் குழாய்களை) முழுவதுமாக நிறுத்திவிட்டு மற்றவற்றை முழு ஓட்டத்துக்கு அருகிலேயே வைத்திருக்கலாமா?

தெளிப்புச்சோதனை:

வைத்திருக்கலாம். அதையே நான் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன், ஏனெனில் அதற்குச் செலவு எதுவும் இல்லை. நிறுத்தும் லான்சுகள் ஒரே பக்கமாக அமையாமல், வட்டத்தில் ஒன்று விட்டு ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு பக்க வாயு குளிராமல் இஎஸ்பிக்குப் போய்விடும். நிறுத்திய லான்சை வெறுமனே சூட்டில் விடாமல் வெளியே இழுத்துவிடுங்கள் அல்லது அதற்குள் சிறிது காற்று செலுத்துங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் வற்றினால் உப்பு துளையிலேயே படிந்துவிடும்.

சூளைப்பக்கம்:

அடுத்த முறை தீனி குறைக்கப்படும்போது எதிரெதிர் லான்சுகளை இழுத்துவிட்டு, வெளிவாயு வெப்பநிலையை நான்கு பக்கத் தெர்மோகப்பிள்களிலும் பதிவு செய்கிறேன். அடுத்த நிறுத்தத்தில் சுவரின் அடை எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று அளந்து, அதிலிருந்து கூம்புக் கோணத்தைக் கணக்கிட்டு இங்கே பதிவிடுகிறேன். விற்பனையாளருக்கு 90, 99 சதவீத விட்டங்களையும், அளந்த கருவியையும், திரும்பு வால்வின் மூன்று நிலைகளில் கூம்புக் கோணத்தையும் கேட்டு இன்று காலையே கடிதம் எழுதிவிட்டேன்.